எந்தக் கோட்டுக்கும் பொருந்தும் பூ

ஆலங்கட்டி மழை பெய்தால்தான் ஆர்வில் ஸ்டென்ரூட்டின் அலுவலகத்துக்கு ஆள் வரும். பெய்யாத வாரங்களில் அவரும் டோலரஸும் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பயிர்ச்சேதத்தையும் கொட்டகைத் தீயையும் விசாரிப்பது அவர் வேலை. தட்டச்சும் தொலைபேசியும் அவள் வேலை. ஹெல்விக் ஊரில் யார் யாரோடு சுற்றுகிறார்கள் என்ற விசாரணையை அவளாகவே சேர்த்துக்கொண்டாள். அதற்கு அவள் சம்பளம் கேட்டதில்லை.

அந்த மே மாதச் சனிக்கிழமை காலையில் லைல் பிரெக்கி உள்ளே வந்தார். ஊர் தானியக் கிடங்கில் எடை போடுகிறவர். பயிரும் கிடையாது, கொட்டகையும் கிடையாது. தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார். டோலரஸ் காபியை ஊற்றிக் கையில் திணித்த பிறகுதான் உட்கார்ந்து வாய் திறந்தார்.

அன்று சாயங்காலம் உயர்நிலைப் பள்ளியில் ஆண்டு நடனம். லைலின் ஒரே மகள் கொரீனுக்கு அது கடைசி வருடம். அவள் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. அதன் பிறகு பெண் யாரோடும் ஒட்டவில்லை. பள்ளி, ரொட்டிக்கடைக் கவுண்டர், வீடு என்று இருந்தாள். யாராவது நடனத்துக்குக் கூப்பிட்டார்களா என்று லைல் ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார். போன வாரம் ஒருவழியாக, ஒருவன் கூப்பிட்டிருக்கிறான் என்றாள். பெயர் கெவின், லார்க்கின் ஊர்ப் பையன்.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று லைலுக்குத் தெரியவில்லை. பையன் வீட்டுக்கு வரமாட்டானாம். இவளே காரை எடுத்துக்கொண்டு லார்க்கினுக்குப் போவாளாம். அங்கே இருவரும் சாப்பிட்டுவிட்டு நேராக நடனத்துக்கு வந்துவிடுவார்களாம். ஆறு மணிக்குப் பள்ளி ஜிம்மில் ஜோடி ஊர்வலம் நடக்கும். ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஜோடியும் நடந்து வர, ஊர் மொத்தமும் படிக்கட்டு பெஞ்சுகளில் உட்கார்ந்து கைதட்டும். அதிலும் அவர்கள் இல்லையாம்.

"பூவைக்கூட அவன் கையால கட்டல ஆர்வில்," என்றார் லைல். அதுதான் அவருக்கு ஆறவே இல்லை. பையன் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்து, பெற்றவர்கள் முன்னால் அவள் மணிக்கட்டில் பூவை மாட்டுவான். அவள் தான் வாங்கி வைத்த பூவை அவன் கோட்டில் குத்துவாள். யாராவது போட்டோ எடுப்பார்கள். லைலுக்கும் அவர் மனைவிக்கும் அப்படித்தான் நடந்தது. இவனோ முந்தின நாளே, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூப்பெட்டியை வாசல் தாழ்வாரத்து நாற்காலியில் யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கொட்டுகிற மழையில் வேலையிலிருந்து ஓடிவந்த லைல்தான் அதை முதலில் பார்த்தார். அப்போது கொரீன் உள்ளே இருந்தாள்.

"வர்ற வழியில ஏதாவது வண்டி எதிர்ல வந்துச்சா?" என்று கேட்டார் ஆர்வில்.

ஒன்றும் வரவில்லை என்றார் லைல். அவர் வீடு ஊருக்கு வெளியே, கோடு கிழித்தது போன்ற சரளைச் சாலையின் முடிவில் இருந்தது. அதற்கு அப்பால் உழுத நிலம்தான்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். கொரீன் காருக்குப் பெட்ரோல் நிரப்பி வைத்திருக்கிறாள். பின் சீட்டில் ஒரு மெத்தைப் போர்வை கிடக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு ராத்திரி குளிரும் என்றாளாம்.

"எனக்கு அவன் யாருன்னு தெரியணும்ப்பா. ஆறு மணிக்குள்ள. கேமராவோட ஜிம்முக்கு நானே போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கப்போறேன், லார்க்கின் கெவின் எவன்டான்னு. அதுக்கு முன்னாடி நீ பார்த்துச் சொல்லிட்டா தேவல. கெட்டவன்னா அவளைப் போக விடமாட்டேன். நல்லவன்னா வாயே திறக்கமாட்டேன்."

ஆர்வில் கோட்டை எடுத்துக்கொண்டார். கூப்பிடாமலே டோலரஸும் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

கொரீன் மத்தியானம்வரை ரொட்டிக்கடையில் இருப்பாள். அதனால் வீட்டைப் பார்க்க அவகாசம் இருந்தது. ஒரு பெண் இல்லாத நேரத்தில் அவள் வீட்டைப் பார்ப்பது ஆர்விலுக்குப் பிடிக்கவில்லை. அவள் பொருள் எதையும் தொடாமல் சமையலறையையும் தாழ்வாரத்தையும் காரையும் மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். தாழ்வாரத்து நாற்காலியின் திண்டைக் கட்டை விரலால் அழுத்தினார். இன்னும் தண்ணீர் கசிந்தது.

லைல் ஃப்ரிட்ஜைத் திறந்தார். பால் புட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளை அட்டைப் பெட்டிகள், மேலே கண்ணாடித் தாள் பதித்தவை. பெரியதில் மணிக்கட்டுப் பூ இருந்தது: பாதாமிப் பழத்தின் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன ரோஜாக்கள், நடுவில் துளித்துளியாக வெள்ளைப் பூக்கள், அதே பாதாமி நிறத்தில் ரிப்பன். கொரீன் தைத்த கவுன் கூடத்துக் கதவில் தொங்கியது. பூவும் ரிப்பனும் கவுனும் ஒரே நிறம், இம்மி பிசகவில்லை.

டோலரஸ் பெருமூச்சு விட்டாள். அவள் கணவன், இப்போது அவள் கணவன் இல்லை, அந்தக் காலத்தில் பச்சைக் கவுனுக்கு ஊதாப் பூ வாங்கி வந்தவன். துணியில் ஒரு துண்டு வெட்டிப் பையனிடம் கொடுத்து அனுப்பினால்கூடப் பையன்கள் சொதப்புவார்கள் என்றாள்.

சின்னப் பெட்டியில் கொரீன் பையனுக்காக வாங்கிய கோட்டுப் பூ. ஒரே ஒரு வெள்ளைக் கார்னேஷன், ஒரு பச்சை இலை, ரிப்பன் கிடையாது. ஆர்வில் பெரிய பூவை விட்டுவிட்டு இதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் ஓரத்தில் ஹெல்விக் பூக்கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. பெரிய பெட்டியில் அதே இடத்தில் சுரண்டிய தடம்.

"அந்தப் பெட்டியோட அடிப்பக்கம் கொஞ்சம் காட்டு லைல்."

லைல் தூக்கிக் காட்டினார். அட்டை மொடமொடவென்று, கறை இல்லாமல் இருந்தது. பெட்டிகளை எடுத்த இடத்துக்குப் பின்னால் மெழுகுத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று தெரிந்தது. அது லைலுடையதா என்று ஆர்வில் கேட்டார். லைல் மோந்து பார்த்தார். கடுகுச் சாந்து தடவிய சாண்ட்விச், கூடவே ஊறுகாய் வெள்ளரி. கடுகு தனக்கு ஆகாது, அது கொரீனுடையதாக இருக்கும் என்றார்.

கார் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது போர்வையின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு நூலகப் புத்தகத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஆர்வில் தலையைச் சொறிந்துகொண்டார். மத்தியானம் கிடங்குக்கு வந்து பதில் சொல்வதாக லைலிடம் சொன்னார். அதுவரை யாரிடமும் மூச்சு விடவேண்டாம் என்றும் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும்போது டோலரஸ் பொரிந்து தள்ளினாள். கல்யாணமானவன் ஒருவன்தான். சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வரமாட்டான், ஊர்வலத்துக்கு வரமாட்டான், பூக்கடைப் பெயரைச் சுரண்டுவான். போர்வை வேறு. அவள் மனதில் ஏற்கெனவே இரண்டு பேர் தயாராக இருந்தார்கள்: பள்ளி பேண்டு வாத்தியார் ஒருவர், விதைக் கம்பெனி ஆள் ஒருவன்.

"பூக்கடையில நிறுத்துங்க சார். அந்தப் பொம்பளைகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டா போதும், யார் வாங்கினதுன்னு கக்கிடுவா."

"அதனாலதான் நிறுத்தமாட்டேன்," என்றார் ஆர்வில்.

"ஏன்?"

"நம்மகிட்ட கக்கினவ, ஊர்கிட்டயும் கக்குவா."

பூக்கடையைத் தாண்டி ஏரிக்கரைக்கு வண்டியை விட்டு, தண்ணீரைப் பார்க்க நிறுத்தினார். அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் கொட்டகைக்குத் தானே தீ வைத்த ஒரு பணக்காரனைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் இவ்வளவு நேரம் துடைத்ததில்லை.

"அந்த நாற்காலி இன்னும் ஈரம். நேத்து கொட்டுற மழையில அது எப்படி இருந்திருக்கும்? அட்டைப்பெட்டியை அதுமேல ஒரு கப் காபி குடிக்கிற நேரம் வெச்சாலே போதும், அடி ஊறி நெளிஞ்சிருக்கும். நனைஞ்ச அட்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் என் தலை நரைச்சுது. இது மொடமொடன்னு இருக்கு. அப்படின்னா லைல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாரோ வெச்சிருக்காங்க."

"அவன் வந்து வெச்சிட்டு ஓடியிருப்பான்."

"எந்தப் பக்கம்? ஒரே ரோடு. கோழி குறுக்க போனாலே தெரியும். லைல் எதிர்ல ஒரு வண்டியையும் பார்க்கல. பெட்டி வெளியிலேருந்து வரல, டோலரஸ். வீட்டுக்குள்ளேருந்து வந்துச்சு."

"வீட்டுக்குள்ளேருந்தா?" என்றாள் டோலரஸ்.

ஆர்வில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். நடனத்துக்கு முன்னால் பையன் பெண்ணை ஓட்டலுக்கு அழைத்துப்போய் மாட்டிறைச்சி வறுவல் வாங்கிக்கொடுப்பது வழக்கம். அதற்காகவே வருடம் முழுக்கச் சேர்த்து வைப்பான். அங்கே போகிற பெண் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போவாளா? காதலனோடு போகிறவள் நூலகப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாளா? போர்வையைப் பார்த்து டோலரஸ் என்ன நினைத்தாள் என்று அவருக்குத் தெரியும். மே மாத ராத்திரியில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் காருக்குள் தனியாக மணிக்கணக்கில் உட்கார்ந்தால் குளிரும், அவ்வளவுதான்.

"ஆனா எனக்கு நிச்சயமா தெரிஞ்சது அந்தக் கோட்டுப் பூவாலதான்," என்றார். "இந்த வருஷம் பசங்க என்ன கோட்டு வாடகைக்கு எடுக்கறாங்க?"

அது டோலரஸுக்கு அத்துப்படி. இளநீலம், சாக்லேட் நிறம், ஒரு பைத்தியம் மட்டும் மாம்பழ மஞ்சள். பெண்கள் ஒரு மாதமாக அந்தந்தக் கோட்டுக்கு ஏற்ற பூவும் ரிப்பனும் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள்.

"தனக்கு ரோஜாவை எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கா பாருங்க. துணியைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்திருப்பா. அப்படிப்பட்ட பொண்ணு அவனுக்கு வெறும் வெள்ளைப் பூ. ரிப்பன்கூட இல்ல. எந்தக் கோட்டுக்கும் பொருந்தற பூ. ஏன்? கோட்டு என்ன நிறம்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க ஆளே இல்ல."

இவ்வளவு நேரம் கல்யாணமான ஆண்களை எண்ணிக்கொண்டிருந்த தன் வாயைத் தைக்கவேண்டும் என்று டோலரஸ் நினைத்தாள்.

"எதுக்கு சார் இப்படி? பிடிக்கலன்னா நடனத்துக்குப் போகாம வீட்ல இருந்துட்டுப் போகட்டுமே."

"வீட்ல யார் இருக்கா? தினமும் தட்டுக்கு எதிர்ல உட்கார்ந்து, யாராச்சும் கூப்பிட்டாங்களான்னு கேக்கற அப்பா. இல்லன்னு சொல்லிச் சொல்லி அவர் மூஞ்சி தொங்கறதைப் பார்த்திருப்பா. அவருக்காக இல்லாத ஒரு பையனை உண்டாக்கிட்டா. பூ வந்ததை அவர் கண்ணால பார்க்கணும்னுதான் வாசல்ல வெச்சா. லார்க்கின்லேருந்து வந்ததா தோணணும்னுதான் நம்ம ஊர்க் கடைச் சீட்டைச் சுரண்டினா."

அப்படியானால் லைலிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், நல்ல பையன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று டோலரஸ் வாதாடினாள். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். ஆர்வில் தலையாட்டி மறுத்தார். வாயே திறக்கமாட்டேன் என்று சொன்னாலும், நல்ல பையன் என்று கேட்டால் லைல் சும்மா இருக்கமாட்டார். சந்தோஷத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கட்டாயம் ஜிம்முக்குப் போவார், ஊர் முன்னால் கெவினைத் தேடுவார். கெவின் இல்லை என்பது ஏழு மணிக்குள் எல்லா பெஞ்சுக்கும் தெரிந்துவிடும். திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்குப் போகவேண்டும்.

"ஒரே ஒரு சாண்ட்விச்சை வெச்சு எப்படி சார் இவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டாள் டோலரஸ்.

"முப்பது வருஷமா என் ஒருத்தனுக்கு மட்டும் சாண்ட்விச் கட்டறேன்," என்றார் ஆர்வில். "குறுக்க வெட்டினா ரெண்டு மாதிரி தெரியும்."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

கிடங்கில் எடை மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆர்வில் லைலிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஈர நாற்காலி, காலிச் சாலை, சுரண்டிய சீட்டு, வெள்ளைப் பூ. சுற்றி வளைக்கவில்லை. முடிந்ததும் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. லைல் அதை எடை போட்டு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் தினமும் கேட்டேன்," என்றார். "தினமும் கேட்டேன் ஆர்வில். அவ சந்தோஷத்துக்குத்தான் கேக்கறேன்னு நெனச்சேன்."

ஜிம்முக்குப் போகாமல் இருந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆர்வில். லைல் டோலரஸ் பக்கம் திரும்பி, சாயங்காலம் கொஞ்சம் வீட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டார். கவுனின் முதுகில் வரிசையாகக் கொக்கி இருக்கிறதாம். வீட்டில் பொம்பளை இல்லை, தன் விரலுக்கு அது அகப்படாது என்றார்.

ஐந்து மணிக்குமேல் டோலரஸ் கொரீனின் அறையில் நின்று கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆர்வில் வெளியே சாலையோரம் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். கவுன் அழகாக வந்திருந்தது. கொரீன் கண்ணாடியைப் பார்த்தபடி கெவினைப் பற்றிச் சொன்னாள். அவனுக்கு ரொம்பக் கூச்சம், அதனால்தான் வீட்டுக்கு வரவில்லை என்றாள். அவனுக்கு ரேடியோ ரிப்பேர் தெரியும் என்றாள். அவனைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகத்தில் நிஜமாகவே ஒரு வெளிச்சம் இருந்தது. எத்தனை ராத்திரி அவனோடு பேசியிருப்பாள் என்று டோலரஸ் நினைத்துப் பார்த்தாள். கடைசிக் கொக்கி கைக்குள் நழுவிக்கொண்டே இருந்தது.

கதவைத் தட்டிவிட்டு லைல் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். மனைவியை அடக்கம் செய்த அன்று போட்டது. இப்போது தோளில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. தலையை ஈரம் சொட்ட வாரியிருந்தார்.

"கண்ணு," என்றார். "கெவின் போன் பண்ணினான்."

அந்த வீட்டுத் தொலைபேசி அறைக்கு வெளியே நடையில்தான் இருந்தது. கைக்கெட்டும் தூரம். டோலரஸ் வந்ததிலிருந்து அது ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை. கொரீனும் அங்கேயேதான் இருந்தாள்.

பெண்ணின் முதுகு டோலரஸின் விரல்களுக்குக் கீழே விறைத்தது. கண்ணாடியில் அவள் முகம் வெளுத்துப்போனது. காதில் வளையம் மாட்டப் போன கை பாதியில் நின்றது.

"வண்டி வழியில நின்னுபோச்சாம்," என்றார் லைல். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "எவ்வளவோ பார்த்தானாம், கிளம்பலியாம். ரொம்ப மன்னிப்புக் கேட்டான். பூ வீணாப்போகக் கூடாது, நீங்களாவது அவளை எங்கேயாச்சும் நல்ல இடத்துக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போங்கன்னான். நானும் சரின்னுட்டேன். உனக்கு இஷ்டம்னா."

நடையில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. டோலரஸ் அங்கிருந்து மறைந்துபோக முடியாதா என்று தவித்தாள். கையில் கொக்கி இருந்தது.

கொரீன் வளையத்தை மாட்டிக்கொண்டாள். கண்ணாடி வழியாகவே அப்பாவைப் பார்த்தாள்.

"குரல் எப்படி இருந்துச்சுப்பா?"

இதற்கு லைல் தயார் செய்துகொண்டு வரவில்லை. தொப்பியைத் தேடின அவர் கைகளில் தொப்பி இல்லை.

"நல்ல பையனாத்தான் தெரிஞ்சான்," என்றார். "கொஞ்சம் கூச்சம்."

"ஆமா," என்றாள் கொரீன். "கூச்சம்தான்."

அவள் சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டன. அதற்கு நடுவில் நிறைய நேரம் இருந்தது. வரும்போது கையில் இரண்டு பெட்டிகளும் இருந்தன. கண் சிவந்திருந்தது, ஆனால் நடை நிதானமாக இருந்தது. சின்னப் பெட்டியைத் திறந்து வெள்ளைப் பூவை எடுத்தாள். அப்பாவின் கோட்டில் எங்கே குத்தினால் நேராக நிற்கும் என்று ஒருமுறைக்கு இருமுறை வைத்துப் பார்த்துவிட்டுக் குத்தினாள். கறுப்பில் அந்த வெள்ளை அவ்வளவு பொருத்தமாக இருந்தது. லைல் பெரிய பெட்டியிலிருந்து ரோஜாவை எடுத்து அவள் மணிக்கட்டில் மாட்டினார்.

கேமரா கூடத்து மேசையில் தயாராக இருந்தது. டோலரஸ்தான் போட்டோ எடுத்தாள். இருவரும் சிரிக்கவில்லை.

புறப்படும்போது கொரீன் திரும்பி உள்ளே ஓடி, மெழுகுத் தாள் பொட்டலத்தை எடுத்துவந்து டோலரஸ் கையில் வைத்தாள்.

"வீணாப்போயிடும் ஆன்ட்டி. எடுத்துட்டுப் போங்க."

டோலரஸ் சாலையோரம் வந்து காரில் ஏறிக்கொண்டாள். லைலின் வண்டி அந்த நீளச் சாலையில் சின்னதாகிச் சின்னதாகிப் போவது வெகுநேரம் தெரிந்தது. லைல் என்ன சொன்னார் என்பதையும் பெண் என்ன கேட்டாள் என்பதையும் அவள் சொல்ல, ஆர்வில் கேட்டுக்கொண்டார். தொலைபேசி யோசனை தனக்குத் தோன்றவில்லை என்றார். கண்டுபிடிப்பது தன் வேலை, இது வேறு வேலை என்றார்.

பள்ளி ஜிம்மில் இந்நேரம் பெயர் வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள். வழக்கமாக டோலரஸ் முதல் பெஞ்சில் இருப்பாள், யார் யாரோடு என்று பார்ப்பதற்கு. இன்று போகத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகவும் தோன்றவில்லை. சனிக்கிழமை ராத்திரிகளில் அவள் இரண்டு அறையிலும் விளக்கைப் போட்டு வைப்பாள், பார்க்கிறவர்கள் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. அதை அவள் ஆர்விலிடம் சொன்னதில்லை.

மடியில் பொட்டலத்தைப் பிரித்தாள். கடுகுச் சாந்து வாசனை காருக்குள் பரவியது. சாண்ட்விச் குறுக்காக வெட்டியிருந்தது. ஒரு பாதியை எடுத்து ஆர்விலிடம் நீட்டினாள்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.